செத்தவர்கள் சிரிக்கும் ஷாட்

சினிமாவில் ஒருவர் செத்துப்போவதாகக் காட்சி எடுத்தால், எடுத்து முடித்த கையோடு அவரை எழுப்பிக் கேமராவைப் பார்த்து ஒரு தடவை சிரிக்கச் சொல்வார்கள். அந்தச் சிரிப்பையும் எடுப்பார்கள். அது படத்தில் எங்கேயும் வராது. எடிட்டிங் அறைக்குப் போனதும் ஓரமாக ஒதுக்கிவைத்துவிடுவார்கள். இருந்தாலும் எடுக்காமல் விடமாட்டார்கள். கேமரா ஒரு ஆளைக் கடைசியாகப் பார்த்தது பிணமாக இருக்கக்கூடாது, உயிரும் சிரிப்புமாக இருக்க வேண்டும் என்பது கணக்கு. பெரிய நடிகராக இருந்தால் பூசணிக்காய் சுற்றி உடைப்பதும் உண்டு. சாமி கும்பிடாத டைரக்டர்கள்கூட இந்த ஒரு விஷயத்தில் குறுக்கே பேசுவதில்லை.

கவிநிலாவின் அம்மா பாக்கியலட்சுமி கேட்டுக்கொண்டிருந்தது அந்தச் சிரிப்பைத்தான். புருஷன் கலியமூர்த்தி போனபிறகு மகளிடம் அவள் வாய்விட்டுக் கேட்டது அது ஒன்றுதான். படம் வெள்ளிக்கிழமை வெளியாகிறது. அதற்கு முன்னால் அவர் சிரித்ததைத் தன் கண்ணால் பார்த்துவிட வேண்டும். பார்த்துவிட்டால், அவர் காலம் முடிந்து போனார் என்று மனசைத் தேற்றிக்கொள்வாள். பார்க்க முடியாவிட்டால், மகள் கூட்டிக்கொண்டு போய் நடிக்கவைத்ததால்தான் போனார் என்பது அந்த வீட்டில் கடைசிவரைக்கும் நின்றுவிடும். இதை அவள் இத்தனை விளக்கமாகச் சொல்லவில்லை. முதலியார்பேட்டையில் இரண்டு அறையும் ஒரு சமையற்கட்டும் உள்ள வீட்டில் இரண்டே பேர் இருந்தால், சொல்லாததும் விளங்கிவிடும்.

படம் ஒரு நாவலைப் பார்த்து எடுத்தது. நாவலில் கடலோரம் முழுக்க நிலத்தடித் தண்ணீர் உப்பாகிவிடுகிறது. போர் போட்டால் உப்பு, குழாயைத் திறந்தால் உப்பு. வடக்கே ஒரே ஒரு இடத்தில் நல்ல தண்ணீர் இருக்கிறது. அதற்குக் கதவு போட்டுக் காவல் வைத்திருக்கிறார்கள். சொந்தக் கேனைச் சுமந்துகொண்டு நடந்து வருகிறவர்களுக்கு மட்டும் கதவு திறக்கும். வழியில் யாராவது உட்கார்ந்துவிட்டால் கேனைப் பிடுங்கிக்கொள்வார்கள். கேன் போனால் ஆளும் போனமாதிரிதான். ஊரே நடக்கிறது. போகப்போகக் கூட்டம் குறைகிறது. கதை அவ்வளவுதான்.

இப்படிப்பட்ட படத்தை எடுப்பதில் ஒரு சங்கடம் உண்டு. செத்த ஆள் மறுநாள் கூட்டத்தில் நடக்க முடியாது. பின்வரிசையில் தலை தெரிந்தால்கூட யாராவது ஒருவர் தியேட்டரில் கண்டுபிடித்துவிடுவார். அதனால் கூட்டக் காட்சிகளைக் கதை போகும் வரிசையிலேயே எடுத்தார்கள். காலாப்பட்டு தாண்டி ஆள் நடமாட்டம் இல்லாத ஒரு மணல்வெளி. இன்று செத்தவர்களுக்கு நாளையிலிருந்து வேலை இல்லை. கூட்டத்தில் நடக்க வந்தவர்களுக்கு இது தெரிந்ததும், யார் எதுவரை உயிரோடு இருக்கப்போகிறார்கள் என்பது பெரிய மரியாதைப் பிரச்சினையாகிவிட்டது. பாகூர்ப் பக்கத்திலிருந்து வந்து டவுனில் வாட்ச்மேன் வேலை பார்க்கும் அம்மாவாசை இடைவேளைவரைக்கும் உயிரோடு இருந்தார். அதை இன்றைக்கும் டீக்கடையில் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

அவருடைய கூட்டாளி கலியமூர்த்தி ஆரம்பத்திலேயே செத்துவிட்டார். ஆனால் அவர் சாவு புத்தகத்திலேயே இருந்தது. நேரு வீதியில் ஒரு ஹார்ட்வேர் கடையில் முப்பது வருஷம் ஆணியும் தாழ்ப்பாளும் எடுத்துக்கொடுத்த மனிதர். முகத்தில் ஒரு களைப்பு எப்போதும் தங்கியிருக்கும். மகளுக்குச் சாப்பாட்டுக் கேரியர் கொண்டுவந்தவரை டைரக்டர் பார்த்துவிட்டு, இவர் உட்காரட்டும் என்றார். கலியமூர்த்தி நாவலை வாங்கிப் படித்துத் தன்னைத் தேடினார். 'கிழவர் ஒருவர் கேனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.' அதற்குமேல் ஒன்றும் இல்லை. புத்தகத்தில் ஒன்றரை வரி, டைரக்டர்தான் இழுத்துப் பெரிசாக்கியிருக்கிறார் என்று தெருவில் எல்லாரிடமும் சொன்னார். கிழவர் என்று எழுதியிருந்ததில் மட்டும் கொஞ்சம் வருத்தம்.

ஷூட்டிங் முடிந்து மூன்று மாதம் கழித்து ஒரு காலையில் அவர் பல் விளக்கிவிட்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். எழுந்திருக்கவில்லை. இதயம் என்று சொன்னார்கள். மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்தான். வேறு நேரமாக இருந்தால் அதோடு முடிந்திருக்கும். படத்தில் செத்தமாதிரியே உட்கார்ந்து எழாமல் போனார் என்பதுதான் பாக்கியலட்சுமிக்குத் தொண்டையில் மாட்டிக்கொண்டது. கருமாதிக்கு வந்த அம்மாவாசை, துக்கம் விசாரிக்க வந்த இடத்தில் பேச்சோடு பேச்சாக, அன்றைக்குச் செத்தவர்களை எல்லாம் ஒரே வரிசையாக நிற்கவைத்து அவசர அவசரமாகச் சிரிக்கவைத்ததையும், கலியமூர்த்தி அந்த வரிசையில் நின்றாரா என்று தனக்கு நினைவில்லை என்பதையும் சொல்லிவிட்டுப் போனார்.

அன்று சாயங்காலம் பாக்கியலட்சுமி கேட்டாள்.

"நின்னாரா, இல்லையா?"

"நின்னாரும்மா. அந்த க்ளிப் என் கைக்கு வந்துச்சி. நான்தான் காப்பி பண்ணேன்."

"அப்ப காட்டு."

டிஸ்க் எல்லாம் சென்னையில் எடிட்டிங் அறைக்குப் போய்விட்டது, வந்ததும் காட்டுகிறேன் என்று கவிநிலா சொன்னாள். அதற்குப்பிறகு அம்மா அவளிடம் தேவைக்குமேல் பேசவில்லை.

அவள் சொன்னது பொய் இல்லை. அந்தப் படத்தில் டேட்டா பார்த்தது அவள்தான். முன்பெல்லாம் பிலிம் சுருளை லேபுக்கு அனுப்புவார்கள். இப்போது கேமராவுக்குள் ஒரு கார்டு. அது நிறைந்ததும் கழற்றி, மேலே சிவப்பு டேப் ஒட்டி அவளிடம் கொடுப்பார்கள். சிவப்பு என்றால் உள்ளே படம் இருக்கிறது, வேறு யாரும் கைவைக்கக்கூடாது. அவள் அதை இரண்டு ஹார்ட் டிஸ்க்குகளில் காப்பி செய்வாள். காப்பி ஆனதோடு வேலை முடியாது. கார்டில் இருப்பதையும் டிஸ்க்கில் இருப்பதையும் ஒரு மென்பொருள் முதலிலிருந்து கடைசிவரை படித்து, ஒவ்வொன்றுக்கும் நீளமாக ஓர் எண் போடும். உள்ளே ஒரு துளி மாறியிருந்தாலும் எண் வேறாகிவிடும். எண்கள் ஒத்துப்போனால்தான் கார்டைத் துடைத்து, பச்சை டேப் ஒட்டித் திருப்பிக் கொடுக்கலாம். இந்த முறையில் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். படம் சிந்தாமல் சிதறாமல் வந்து சேர்ந்ததா என்று அது சொல்லும். படத்தில் என்ன இருக்கிறது என்று சொல்லாது. முக்கியமான ஷாட்டுகளை அவள் திறந்து ஃபோகஸ் பார்ப்பாள். செத்தவர்கள் சிரிக்கும் ஷாட்டை யாரும் திறப்பதில்லை. அவளும் திறக்கவில்லை.

அப்பா போனதிலிருந்து கவிநிலாவுக்கு அழுகை வரவில்லை. கால் மரத்துப்போனால், காலைக் கீழே வைத்திருக்கிறோம் என்பது கண்ணுக்குத் தெரியும், தரை மட்டும் தெரியாது. அவளுக்கு மொத்தமும் அப்படி இருந்தது. பாடைக்குச் சொன்னது அவள், நகராட்சியில் சான்றிதழ் வாங்கியது அவள், வந்தவர்களுக்குத் தண்ணீர் கொடுத்தது அவள். எல்லாம் ஒழுங்காக நடந்தது. குழம்பில் உப்பு இருக்கிறதா என்று யாரோ கேட்டபோது அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை.

புதன்கிழமை டிஸ்க் கூரியரில் வந்தது. படம் தயாராகிவிட்டால் மூலப்பிரதிகளை மட்டும் கம்பெனி பத்திரப்படுத்தும். ஷூட்டிங்கில் சுற்றிய டிஸ்க்குகளை முழுதாகத் துடைத்து அனுப்பச் சொல்வார்கள், அடுத்த படத்துக்கு ஆகும். யாரிடமும் ஒரு துண்டுகூடத் தங்கக்கூடாது என்று முதலிலேயே கையெழுத்தும் வாங்கியிருந்தார்கள். அம்மா சாரம் பக்கம் இருக்கும் தங்கச்சி வீட்டுக்குப் போயிருந்தாள். மத்தியானத்துக்குள் வந்துவிடுவேன் என்று சொல்லியிருந்தாள். அவள் வருவதற்குள் அந்த இடத்தை எடுத்துவைத்துவிடலாம் என்று கவிநிலா லேப்டாப்பைத் திறந்தாள்.

அன்றைய தேதிக் கோப்புறையில் அப்பா சாகும் ஷாட் இருந்தது. அதற்கு அடுத்த க்ளிப் அதுதான். கிளாப் பலகை வைக்காமல் எடுத்தது. அமுக்கினாள்.

திரையில் கால்கள் வந்தன. கந்தல் சுற்றிய கால்கள் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போயின. கேமரா யாரையும் பார்க்கவில்லை. ஸ்டாண்டில் தலை கவிழ்ந்தபடி மணலையும் கொஞ்சம் கடலையும் பார்த்துக்கொண்டிருந்தது. யாரும் வரிசையில் நிற்கவில்லை. யாரும் சிரிக்கவில்லை. அவள் வழக்கப்படி சத்தத்தை நிறுத்திவைத்திருந்தாள். கொஞ்சம் தள்ளிவிட்டுப் பார்த்தாள். மணல். இன்னும் தள்ளினாள். ஓர் ஆள் வந்து, கவிழ்த்துப் போட்டிருந்த ஒரு பிளாஸ்டிக் டப்பின்மேல் கேமராவுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார். வழுக்கை விழுந்த பின்தலையும், இடது தோள் கொஞ்சம் இறங்கியிருப்பதும் தெரிந்தன. ஒரு கை காதோடு இருந்தது.

அப்பாவின் முதுகைக் கவிநிலா பார்த்தாள். முதுகு என்று தெரிந்தது. அதற்குமேல் ஒன்றும் நடக்கவில்லை.

என்ன ஆகியிருக்கும் என்பது அவளுக்கு உடனே விளங்கிவிட்டது. கேமராவில் பதிவு செய்ய ஒரே பொத்தான்தான். ஒரு தடவை அமுக்கினால் ஓடும், மறுபடி அமுக்கினால் நிற்கும். அந்தக் கேமராவில் அதே பொத்தான் உடம்பில் ஒன்றும் கைப்பிடியில் ஒன்றுமாக இருந்தது. இரண்டு பேர் ஒரே சமயத்தில் ஆளுக்கொன்றாக அமுக்கினால், ஓட ஆரம்பித்த மறுகணமே நின்றுவிடும். இரண்டு பேரும் ஓடுகிறது என்று நினைத்துக்கொள்வார்கள். காட்சி முடிந்ததும் ஒருவர் நிறுத்துவதாக நினைத்து அமுக்குவார். அப்போதுதான் ஓட ஆரம்பிக்கும். எடுக்க வேண்டியது விட்டுப்போய், எடுத்தபிறகு நடப்பதெல்லாம் பதிவாகும். கேமரா வேலை பார்ப்பவர்கள் எல்லாரும் வாழ்க்கையில் ஒரு தடவையாவது இதைச் செய்திருப்பார்கள். ஒழுங்கான ஷாட்டில் உடனே பிடிபட்டுவிடும். மானிட்டரைப் பத்துப் பேர் பார்த்துக்கொண்டிருப்பார்கள், சத்தம் பதிவு செய்பவர் ஒருபக்கம் குரல் கொடுப்பார். சிரிக்கிற ஷாட்டுக்கு மானிட்டரில் ஆள் கிடையாது. உச்சி வெயிலில் அந்தச் சின்னச் சிவப்பு விளக்கும் கண்ணுக்குத் தெரியாது.

கேமரா அசிஸ்டென்ட் ஃபவாஸுக்குப் போன் போட்டாள். டவுன் பையன்தான், இப்போது காரைக்காலில் வேறொரு படத்தில் இருந்தான். விஷயத்தைச் சொன்னாள்.

"கேமராமேன் சாரும் அமுக்கிட்டாரு, நானும் அமுக்கிட்டேன் போலக்கா. சோத்துக்கு விட்டாங்கன்னு அவரு எறங்கி ஓடிட்டாரு. நான் வந்து பாத்தா ஓடிக்கிட்டிருக்குது. நிறுத்திட்டேன். யார்கிட்டயும் சொல்லல."

"சரி."

"அப்பாவுக்காகவா கேக்குறீங்க?" என்றான். அவனே தொடர்ந்தான். அன்றைக்குச் செத்தவர்கள் யாருக்குமே சிரிப்பு பதிவாகவில்லை, மற்றவர்கள் எல்லாரும் நல்லாத்தானே இருக்கிறார்கள், போன வாரம்கூட ஒருத்தரைப் பீச்சில் பார்த்தேன், சுண்டல் சாப்பிட்டுக்கொண்டிருந்தார் என்றான். நியாயம்தான். இந்த நியாயத்தை அம்மாவிடம் வைத்தால் என்ன நடக்கும் என்று கவிநிலாவுக்குத் தெரியும். அவங்க வூட்டுக் கதை எனக்கெதுக்கு என்பாள்.

வேறு வழி ஒன்று இருந்தது. அந்தத் துண்டை எடிட்டிங்கில் அழித்துவிட்டார்கள் என்று சொல்லிவிடலாம். வேண்டாததை அழிப்பது வழக்கம், அம்மாவும் நம்புவாள். முன்வரிசையில் நின்று சிரித்தார், நான் அப்போதே பார்த்தேன் என்றுகூடச் சேர்த்துக்கொள்ளலாம். அந்தப் பொய்யை அவள் மனசுக்குள் ஒரு தடவை சொல்லிப் பார்த்தாள். சிக்கல் இல்லாமல் வந்தது. சொல்வதற்கு வருத்தமும் இல்லை, சொல்லாமல் விடுவதற்குக் காரணமும் இல்லை. மரத்துப்போன காலை எங்கே வைத்தாலும் ஒன்றுதான். அப்படி உட்கார்ந்திருந்தபோது கேட் திறக்கும் சத்தம் கேட்டது. அம்மா உள்ளே வந்து பையை வைத்தாள். மேசையில் டிஸ்க் இருப்பதையும் திரையில் அந்த முதுகு அப்படியே நின்றுகொண்டிருப்பதையும் பார்த்தாள்.

பொய் சொல்ல நேரம் கிடைக்கவில்லை. அம்மா முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டாள்.

"இது அவரு."

"ஆமாம்மா."

"திரும்புவாரா?"

"திரும்ப மாட்டாரு." கவிநிலா நடந்ததைச் சொன்னாள். இரண்டு பொத்தான், இரண்டு கை, அமுக்கினால் ஓடும், மறுபடி அமுக்கினால் நிற்கும். வரிசையில் நின்று சிரித்தது எதிலும் இல்லை, சிரித்து முடித்தபிறகு நடந்ததுதான் இருக்கிறது என்று சொன்னாள். மாடிப்படி விளக்குக்குச் சுவிட்ச் போடுவதை வைத்து இரண்டாம் முறை விளக்கினாள். கீழே ஒருத்தர், மாடியில் ஒருத்தர், இரண்டு பேரும் ஒரே நேரத்தில் போட்டால் விளக்கு எரியாதே, அந்த மாதிரி.

அம்மா எல்லாவற்றையும் கேட்டாள். "அப்ப சிரிச்சது இல்ல" என்றாள்.

"இல்லம்மா."

பாக்கியலட்சுமி எழுந்துபோகவில்லை. திட்டவும் இல்லை. முந்தானையால் முகத்தின் வேர்வையைத் துடைத்துக்கொண்டு, இருக்கிறதையாவது போடு என்றாள். கவிநிலா அவர் வந்து உட்காரும் இடத்துக்குக் கொண்டுவந்து ஓடவிட்டாள். முதுகு. காதில் கை. தலை கொஞ்சம் ஆடியது.

"பேசுறாரா?"

"போன்ல பேசுறாரு."

"சத்தம் இல்லையா?"

ஷூட்டிங்கில் பேச்சைத் தனியாக வேறு கருவியில் பதிவு செய்வார்கள். கேமராவிலும் பேருக்கு ஒரு சின்ன மைக் இருக்கும், அதை யாரும் பயன்படுத்துவதில்லை. கவிநிலா அதன் சத்தத்தை முழுக்கக் கூட்டினாள். முதலில் காற்று மட்டும் இரைந்தது. பிறகு யாரோ, அம்மாவாசையின் குரல்தான், தூரத்திலிருந்து கத்தியது.

"யோவ் கலியமூர்த்தி, செத்தவங்களுக்கு மொத பந்தியாம். வாய்யா."

"வரேன், போ." பக்கத்திலிருந்து அப்பாவின் குரல். பிறகு அதே குரல் இறங்கிப்போய், "ஆங், நான்தான்" என்றது.

காற்று இரைந்தது.

"முடிஞ்சிடிச்சி. செத்துட்டேன்."

மறுபடி காற்று. முக்காலியில் உட்கார்ந்திருந்த அம்மா, திரையைப் பார்த்தபடியே, "நல்ல வார்த்தயே வாயில வராதா உங்களுக்கு. எப்பவோ முடிஞ்சிடிச்சா?" என்றாள்.

கவிநிலா திரும்பிப் பார்த்தாள். அம்மா அவளிடம் பேசவில்லை.

"இல்ல, இப்பதான்" என்றார் அப்பா. "மணல்ல படுக்க வெச்சிட்டாங்க. முதுவெல்லாம் சுடுது."

"மாத்திர சாப்ட்டீங்களா?" என்றாள் அம்மா.

"சாப்ட்டேன். பொய் இல்ல."

"போனத்தான் வாங்கி வெச்சிக்குவாங்கன்னு சொன்னீங்க?"

"குடுத்தாதான. பாக்கெட்டு இல்லாத சட்ட வேற. இடுப்புல சொருவிக்கிட்டேதான் செத்தேன்."

அவர் பேசாமல் இருந்த இடங்கள் எவ்வளவு நீளமோ அவ்வளவு நீளத்துக்கு அம்மா பேசினாள். ஒரு வார்த்தை கூடவில்லை, குறையவில்லை. அன்றைக்கு இந்த வீட்டில், இதே சமையற்கட்டு வாசலில் நின்றுகொண்டு அந்தப் பக்கத்தைப் பேசியவள் அவள்தான். கேமராவில் பாதி இருந்தது. மீதி இங்கே இருந்தது.

"நான் போன் பண்ணியிருந்தா பொணம் பாட்டு பாடியிருக்கும்" என்றாள் அம்மா.

திரையில் அந்தத் தோள்கள் மேலே எழும்பி இறங்கின. இரண்டு மூன்று தடவை. காற்றோடு ஏதோ ஒரு சத்தம் சேர்ந்து வந்தது. இருமலாகவும் இருக்கலாம்.

"நிறுத்து" என்றாள் அம்மா. கவிநிலா நிறுத்தினாள்.

"இங்க சிரிச்சாரு."

"மூஞ்சி தெரியலம்மா."

"உனக்கு எதுக்குத் தெரியணும். எனக்கு அன்னைக்கே கேட்டுச்சி. சத்தமா சிரிச்சாரு. அப்புறம் இருமுனாரு." அம்மா கொஞ்சம் முன்னால் குனிந்தாள். "கேமரா ஓடிக்கிட்டுதான இருந்துச்சி?"

"ஓடிச்சி. அதனாலதான் இது இருக்குது."

"அவருக்குத் தெரியாது, ஓடுதுன்னு."

"யாருக்குமே தெரியாது."

அம்மா யோசித்தாள். கேமராவைப் பார்த்துச் சிரிக்க வேண்டும் என்பது வழக்கம். கேமரா பார்க்கும்போது சிரித்தால் போதுமா என்று வழக்கத்தில் எங்கேயும் சொல்லியிருக்கவில்லை. அதைத் தீர்மானிக்க அந்த அறையில் அவளைத் தவிர வேறு ஆள் இல்லை. கவிநிலா காத்திருந்தாள். அம்மா என்ன சொன்னாலும் அது அப்படியே நின்றுவிடும் என்று அவளுக்குத் தெரிந்தது. உள்ளங்கை சில்லிட்டிருந்தது. அதைக்கூட லேப்டாப்பின் சூட்டில் கை பட்டபோதுதான் கவனித்தாள்.

"அப்ப சரி" என்றாள் அம்மா. "போடு."

அப்பா தொடர்ந்தார். "கவியா? அந்தாண்ட டென்ட்ல இருக்குது. நான் போவல. வேலை பாக்குற எடத்துல போயி அப்பன் நிக்கக் கூடாது."

காற்று. இந்த இடத்தில் அம்மா ஒன்றும் சொல்லவில்லை. அவள் முறை வந்து, போய்க்கொண்டிருந்தது.

"இங்க நீ இன்னாம்மா சொன்ன?"

"அதுக்கும் ஒரு பொட்டலம் எடுத்து வெக்க சொல்லுங்கன்னேன். எல்லாரும் தின்னப்புறம் போயி காலிச் சட்டியத்தான் பாக்கும்."

"ம்ம்" என்றார் அப்பா. போனை இடுப்பில் செருகிக்கொண்டு முழங்காலில் கையூன்றி எழுந்தார். திரையின் இடது பக்கமாக, சாப்பாடு போடும் பக்கமாகப் போனார். அதற்கப்புறம் மணலும் டப்பும் கொஞ்ச நேரம் இருந்தன. பிறகு ஃபவாஸின் கை பெரிதாக வந்து திரையை மறைத்தது. க்ளிப் முடிந்தது.

அன்றைக்கு யாராவது பொட்டலம் கொண்டுவந்து கொடுத்தார்களா என்று கவிநிலா யோசித்தாள். டென்ட்டில் மேசைக்குப் பக்கத்தில் ஏதோ இருந்தமாதிரியும் இருந்தது, இல்லாதமாதிரியும் இருந்தது. அன்றைக்கு அவள் பார்த்துக்கொண்டிருந்தது எண்களை.

"அம்மாவாசை கேட்டா, வெள்ளிக்கெழம நீயும் அவனுமா போயிட்டு வாங்க" என்றாள் அம்மா. "நான் வரல. எனக்கு அந்தப் படம் வேணாம்."

"சரிம்மா. இத அழிச்சி அனுப்பணும். வெச்சிக்கக் கூடாது."

"அழி. எனக்குத்தான் மொத்தமும் தெரியுமே." எழுந்து முக்காலியைச் சுவரோரம் தள்ளினாள். சமையற்கட்டுக்குள் போகிறவள் நின்று, "உனக்கு வேணுமா?" என்று கேட்டாள்.

வேணும் என்றால் எங்கேயாவது வலிக்க வேண்டும். கவிநிலா தேடிப் பார்த்தாள். "தெரியலம்மா" என்றாள்.

அம்மா தலையாட்டிவிட்டு உள்ளே போனாள். குக்கரைத் திறக்கும் சத்தம் கேட்டது.

கவிநிலா டிஸ்க்கைத் துடைக்கும் கட்டளையைக் கொடுத்தாள். சாதாரணமாக அழித்தால் படம் உடனே போய்விடாது. எது எங்கே இருக்கிறது என்ற முகவரி மட்டும்தான் போகும். படம் அதே இடத்தில் கிடக்கும், தெரிந்தவர்கள் தோண்டி எடுத்துவிடலாம். அதனால் கம்பெனிக்காரர்கள் முழுசாகத் துடைக்கச் சொல்வார்கள். முழுசாக என்றால், டிஸ்க்கின் ஒவ்வொரு இடத்துக்கும் போய் அங்கே இருப்பதன்மேல் பூஜ்யத்தை எழுதிக்கொண்டே வருவது. பெரிய டிஸ்க். சாயங்காலம்வரை ஓடும். எத்தனை சதவீதம் முடிந்தது என்று திரையில் ஒரு கோடு காட்டும். ஆனால் எந்த நேரத்தில் யாருடைய இடத்துக்கு வரும் என்று அது காட்டாது. கூட்டம் முழுக்க அதில்தான் இருந்தது. செத்தவர்களும், இடைவேளைவரை நடந்தவர்களும், கதவுவரைக்கும் போய்ச் சேர்ந்தவர்களும்.

கோடு நகர ஆரம்பித்தது. அவள் அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கவி" என்று அம்மா கூப்பிட்டாள். "சோறு போட்டுட்டேன். ஆறிடப் போவுது, வா."

கவிநிலா எழுந்தாள். உட்கார்ந்தே இருந்ததில் ஒரு கால் மரத்துப்போயிருந்தது. மேசையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். பாதத்தில் ஊசி குத்துவதுபோல் வலி எடுத்தது. அது இறங்கட்டும் என்று காத்திருக்காமல் காலை இழுத்துக்கொண்டு சமையற்கட்டுக்குப் போனாள்.